வலி நிர்த்தியோ, அண்ணாச்சி?

கேள்வி: "சிகரெட்டை விட்டு நான்கு நாள் ஆகிறது. தூக்கமே இல்லை, தலை கனக்கிறது, வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன். இது எப்போது சரியாகும்? விட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்."

முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மீதி என் சொந்தக் கதைதான், பொறுமை இருந்தால் படியுங்கள். நிக்கோட்டின் கேட்டு உடம்பு படுத்துகிற பாடு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தில் இருக்கும். நீங்கள் நான்காம் நாளுக்கு வந்துவிட்டீர்கள். கொண்டை ஊசி வளைவு தாண்டியாயிற்று, இனி இறக்கம்தான். எரிச்சலும் தூக்கக்கேடும் குறைந்துகொண்டே வந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும்.

நான் டாக்டர் இல்லை. செங்கோட்டைப் பக்கம் ஊர், சொந்தமாக ஒரு 407 வண்டி, பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிப் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று இறக்குகிற வேலை. 19 வருடம் புகைத்தேன், 2019 மார்ச்சில் விட்டேன். "லாரிக்காரனுக்கு என்ன தெரியும்" என்று நினைப்பவர்கள் தாராளமாகக் கீழே வேறு பதில் படிக்கலாம். ஆனால் "எல்லாம் மனக்கட்டுப்பாடுதான் தம்பி" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிற ஆட்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களில் பாதிப்பேர் ஒரு நாள்கூடப் புகைத்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் புகையிலை வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. அம்மா பீடி சுற்றினாள். தென்காசி, கடையம், முக்கூடல் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ராத்திரி இலையை நனைத்து வைத்து, காலையில் தகடு வைத்துக் கத்தரித்து, மடியில் சுளகை, அதாவது முறத்தைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை கை நிற்காது. தூள் நெடி மூக்கில் ஏறி நாங்கள் தும்மிக்கொண்டேதான் வீட்டுப்பாடம் எழுதுவோம். 25 பீடி ஒரு கட்டு. பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும்போது கட்டுக்குப் போகும் முன்னால் சுளகிலிருந்து இரண்டு எடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் அம்மா கட்டு போட மாட்டாள் என்பது மறந்துவிட்டது.

"எய்யா, ரெண்டு குறையுது. நீ எடுத்தியா?"

பொய் சொன்னேன். வாயை மோந்து பார்த்தாள். அடிக்கவில்லை. "அடுத்தவன் வாயில வைக்கத்தான் சுத்துதேன், ஒன் வாயில வைக்க இல்ல" என்றாள். உடனே, அப்படியானால் அடுத்தவன் வீட்டுப் பிள்ளை இருமிச் சாகலாமா என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். அந்தச் சுளகுதான் மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அவளுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டு வந்து கேளுங்கள்.

கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள். அதில் பாதி ஓட்டையும் கிழிசலுமாக இருக்கும். ஆயிரம் கணக்கு வர வேண்டுமானால் குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் பத்து இருபதை எடுத்துக் "கழிவு" என்று ஒதுக்குவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, ஆனால் அதைத் திருப்பியும் தர மாட்டார். அது எங்கே போனது என்று அம்மா ஒரு முறை கேட்டதற்கு அடுத்த வாரம் இலை தரவில்லை. இருபது வருடம் ஆகியும் இது எனக்கு ஆறவில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

மனக்கட்டுப்பாடு என்கிறார்களே, அது என்னிடம் நிறையவே இருந்தது. கார்த்திகை முதல் தேதி மாலை போடுவேன். ஆரியங்காவு வழியாகப் போகிற ஊர்க்காரனுக்கு ஐயப்பன் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. மாலையோடு பீடி பிடிக்கிற சாமிகளும் உண்டு, நான் அந்தக் கூட்டம் இல்லை. 41 நாள் ஒரு இழுப்பு கிடையாது. இப்படி ஏழு வருடம். ஏழு வருடமும் மாலையைக் கழற்றிய அன்றைக்கே அதே டீக்கடையில் பற்ற வைத்தேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் இது எனக்கு விளங்கியது. 41 நாளில் உடம்பு கேட்பதை எப்போதோ நிறுத்தியிருக்கும். கேட்டது அந்தக் கடை. பாய்லர் சத்தம், கட்டன் சாயா வாசனை, காலை ஐந்தரை மணிக் குளிர், பக்கத்தில் நிற்கும் இன்னொரு டிரைவர். மாலை போட்டிருக்கும்போது அந்தக் கடைப்பக்கமே போக மாட்டேன். கழற்றியதும் நேராக அங்கேதான் போவேன். புளியரை செக்போஸ்ட் இன்னொன்று. 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் அங்கே வரிசையில் நின்ற மணிக்கணக்கில் நான் ஊதியதை அடுக்கினால் கோட்டைவாசல் வரை போகும். வரிச் சோதனை போன பிறகும் அந்த இடம் வந்தால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

கேரளக்காரர்கள் என்னைத் திருத்தப் பார்க்காமல் இல்லை. அங்கே பொது இடத்தில் புகைப்பதற்கு எதிராக 1999லேயே உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. நாடு முழுக்க விதி வந்தது 2008 அக்டோபர் 2இல். புனலூரைத் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் 200 ரூபாய் கட்டியிருக்கிறேன். கட்டிவிட்டு வண்டிக்குள் ஏறி, கோபத்தில் இரண்டு பிடித்தேன். அபராதத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

விட்ட கதையில் பெருமை ஒன்றும் இல்லை. பிசான அறுப்பு முடிந்த நேரம், வைக்கோல் பாரம். கேரளத்தில் மாடு வளர்க்கிறவர்களுக்கு நம் பக்கத்து வைக்கோல் நிறையப் போகும். புளியரை தாண்டி எஸ் வளைவில் வண்டி முக்கி முக்கி ஏறுகிறது. பிடித்து முடித்த துண்டை ஜன்னல் வழியே சுண்டினேன். பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது என்கிற நினைப்பே இல்லை. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து விடாமல் ஹாரன். முந்தத்தான் கேட்கிறான் என்று திட்டிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், பாரத்தின் ஓரத்தில் புகை. அப்புறம் சின்னதாக ஒரு மஞ்சள் நாக்கு. ஓரமாக நிறுத்தி, கயிற்றை அறுத்து, எரிகிற கட்டுகளை இழுத்து ரோட்டில் தள்ளினோம். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஊற்றினார்கள். அதில் ஒரு பாட்டி, கோயில் தீர்த்தமோ என்னவோ, சின்னச் செம்பில் இருந்ததை ஊற்றினாள். காடு பிடிக்கவில்லை. வண்டி பிழைத்தது. 37 கட்டு கரிந்து போனது.

கண்டக்டர் கடைசி பாட்டிலைக் காலி செய்துவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார். பாக்கெட் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும்.

அந்தப் பாக்கெட்டில் நாலு மிச்சம் இருந்தது. அன்று ராத்திரி அந்த நாலையும் பிடித்துவிட்டுத்தான் விட்டேன். இப்படித்தான் நடந்தது, கதையாக்கிச் சொல்ல விருப்பமில்லை.

இப்போது உங்களுக்கு உதவுகிற விஷயங்கள். ஆசை வரும்போது சாகும்வரை நிற்கும் போலத் தோன்றும். கடிகாரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. நான் தென்மலை இறக்கத்தில் பாலங்களை எண்ணுவேன். வாய்க்கு வேலை வேண்டும், அதற்கு ஏலக்காயும் கிராம்பும் வைத்திருந்தேன். சீரகத் தண்ணீர் ஒரு பிளாஸ்க். எங்கெல்லாம் புகைப்பீர்களோ அந்த இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள், முதல் ஒரு மாதம் அங்கே போகாதீர்கள். போயே ஆக வேண்டிய இடமாக இருந்தால் ஆளை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், கையில் வேறு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு மாதம் அந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தவே இல்லை.

முடியவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. அதை வெட்கமாக நினைக்காதீர்கள், நான் பத்து வாரம் மென்றேன். மெடிக்கலில் 2 மில்லிகிராம் கேட்டால் கொடுப்பார்கள். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடித்தவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பப்பிள்கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்சு எரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகக் கடித்து, சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி. இப்படி அரை மணி. அதற்குக் கால் மணி நேரம் முன்னால் காப்பி, ஜூஸ், கலர் எதுவும் குடிக்கக் கூடாது, குடித்தால் மருந்து சரியாக இறங்காது. இதை யாரும் சொல்லித் தராததால் முதல் அட்டை முழுக்க வீணாக்கினேன். மாத்திரைகளும் இருக்கின்றன, அவை டாக்டர் சீட்டில்தான். மின்சிகரெட்டுக்கு மாறலாமா என்று யோசிக்காதீர்கள், நம் நாட்டில் அதை 2019லேயே தடை செய்துவிட்டார்கள். பீடிக்கு மாறினால் கெடுதல் குறைவு என்று சொல்பவனை நம்பவே நம்பாதீர்கள். ஃபில்டர் கிடையாது, அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், உள்ளே போகிற விஷம் எந்த விதத்திலும் குறைவில்லை. பீடி வீட்டுப் பிள்ளை சொல்கிறேன்.

சிகரெட் அட்டையில் அந்தக் கோரமான படத்தோடு 1800-11-2356 என்று ஒரு இலவச எண் இருக்கும். வருடக்கணக்கில் அந்தப் படத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் அட்டையைத் திறந்தேன். ஆறாம் நாள் கூப்பிட்டேன். தமிழில் பேசினார்கள், உபதேசம் இல்லை, "எந்த நேரத்துல ரொம்பத் தோணுது?" என்றுதான் கேட்டார்கள்.

மலச்சிக்கல் வரும், வாயில் புண் வரலாம், சில பேருக்கு இருமல் கூடும். பயப்படாதீர்கள், இருமல் நுரையீரல் தன்னைக் கழுவுவது. எடை ஏறும், எனக்கு ஆறு கிலோ. சர்க்கரைக்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் புகையை விட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள், சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

வழுக்கினால்? நான் வழுக்கினேன். ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன். ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பிரானூர் பார்டரில் புரோட்டா. கை கழுவி வெளியே வந்ததும் மச்சான் ஒருவர் பற்ற வைத்துக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, வாங்கியது என் கை. இரண்டு இழுப்பில் தலை சுற்றியது, ஆனாலும் முழுதாகத்தான் பிடித்தேன். அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் பாக்கெட் வாங்காமல் வீட்டுக்கு வந்தது. மனைவியிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தால், "சரி, நாளைக்கு அந்த சூயிங்கத்தை மறுபடி வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி வழுக்குவதற்கு முன்னால், விட்டு இரண்டு மாதம் கழித்து மே மாதம்தான் அந்த டீக்கடைக்கு மறுபடி போயிருந்தேன். கடைக்கார மலையாளிச் சேட்டன் சாயாவை நீட்டிவிட்டு, பழக்கத்தில் தீப்பெட்டியையும் எடுத்து வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"வலி நிர்த்தியோ, அண்ணாச்சி?"

மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு, புகைப்பதைத்தான் கேட்கிறார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த என் கிளீனர் பையனுக்கு அது தெரியாது. எனக்கு முந்திக்கொண்டு, "இல்ல சேட்டா, மூட்ட தூக்கித் தூக்கி இடுப்பு வலி அப்படியேதான் இருக்கு" என்றான். சேட்டன் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது.

உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போய்விட்டது. புகைக்கிறவர்களின் உடம்பு காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும், அதே அளவு டீ இரண்டு மடங்கு வேலை செய்யும். எனக்கு ஒரு நாளைக்கு ஒன்பது டீ. ஐந்தாம் நாள் நாலாகக் குறைத்தேன், சாயங்காலத்துக்கு மேல் கிடையாது என்று வைத்தேன். அந்த வாரமே தூங்கிவிட்டேன், படபடப்பும் பாதி போனது. நீங்கள் எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே. சொல்லுங்கள், பார்ப்போம்.