நீங்கள் கிளம்பிய பிறகும் உங்கள் லைப்ரரி ஓட வேண்டுமானால்

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். நிலத்தடி நீர்மட்டத் தரவை அலச பைத்தான் கணினி மொழியில் ஒரு லைப்ரரி (மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுதினேன். இப்போது வேறு கல்லூரிகளைச் சேர்ந்தவர்களும் அதில் கோடு எழுதுகிறார்கள். எல்லா புல் ரிக்வெஸ்ட்டும் (தங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோள்) என்னிடமே வந்து தேங்குகிறது. விடுபட்ட அளவீடுகளை எந்த முறையில் நிரப்புவது என்பதில் இரண்டு பேருக்குள் மனஸ்தாபம். அடுத்த வருஷம் நான் வேலைக்குப் போய்விடுவேன். பொறுப்பை எப்படிப் பிரிப்பது? விதிமுறை ஏதாவது எழுத வேண்டுமா?

பதில்: எழுதத்தான் வேண்டும், ஒரு பக்கம் போதும். ஆனால் "யார் தலைவர்" என்பதில் ஆரம்பிக்காதீர்கள். "யார் எப்படி விலகலாம்" என்பதை முதலில் எழுதுங்கள். ஆய்வு மென்பொருள் எழுதுகிறவர்களில் ஏராளமானோர் மாணவர்களும் ஒப்பந்த ஆய்வாளர்களும்தான். பட்டமோ நிதியோ முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவரும் ஒருநாள் கிளம்புவார்.

வரைபடங்கள் போட உதவும் பைத்தான் லைப்ரரியான மேட்பிளாட்லிப்பைப் பாருங்கள். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைத் திரையில் பார்ப்பதற்காக ஜான் ஹன்டர் எழுத ஆரம்பித்தது அது. 2012 ஆகஸ்டில் அவர் காலமானார். அதற்குச் சற்று முன்பே மைக்கேல் ட்ரொட்பூம் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். வேலை நிற்கவில்லை. 2019-இல் உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படத்தின் பின்னால் இருந்த மென்பொருள்களில் மேட்பிளாட்லிப்பும் ஒன்று.

ஆகவே முதல் வேலை, சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று பார்ப்பது. ரெப்போ (கோடு இருக்கும் களஞ்சியம்) கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால், ஒரு ஆர்கனைசேஷன் (குழுக் கணக்கு) தொடங்கி அதற்கு மாற்றுங்கள். இஷ்யூக்கள் (பிழைப் புகார்களும் கோரிக்கைகளும்) கூடவே வந்துவிடும், பழைய லிங்க்கும் புதிய இடத்துக்குக் கொண்டுவிடும். அதில் குறைந்தது இரண்டு ஓனர்கள் இருக்கட்டும். பைத்தான் லைப்ரரிகளை வெளியிடும் தளமான பைபிஐயில் "மெயின்டெய்னர்" புது ரிலீஸ் ஏற்றலாம், அவ்வளவுதான். ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் "ஓனர்" வேண்டும். நீங்கள் ஒருவரே ஓனராக இருந்து, இரட்டைச் சரிபார்ப்பு உங்கள் போனிலேயே இருந்து, அந்த போனும் தொலைந்தால் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்காக பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். இன்னொருவரை அவருடைய சொந்தக் கணக்கிலேயே ஓனராக்குங்கள். ஆய்வுக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஜெனோடோ தளத்தின் இணைப்பும் ஆவணத் தளமும் யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யாரை ஓனராக்குவது என்பதில் அவசரம் வேண்டாம். 2024-இல் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) கண்டுபிடிக்கப்பட்டது. களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளருக்கு உதவ வந்து, சில வருஷம் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்த ஒருவரின் வேலை அது. புதியவர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. யார் எழுதியதானாலும், நீங்களே எழுதியதானாலும், இன்னொருவர் படிக்காமல் மெர்ஜ் ஆகக் கூடாது, அதாவது முக்கியக் கோடில் சேரக் கூடாது. அவ்வளவுதான்.

அடுத்து, முடிவெடுக்கும் முறை. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம், ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பதில் எழுந்த கசப்பான விவாதத்துக்குப் பிறகு 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்தவர் யார் என்றும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் விவாதித்து, அந்த டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, ஐந்து பேர் கொண்ட குழு என்று முடிவானது. ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது என்பது விதி.

உங்களுக்கு மூன்று பேர் போதும். ஆனால் அந்த விதியை நீங்கள் இன்னும் கறாராக வையுங்கள்: ஒரு லேபிலிருந்து ஒருவர் மட்டும். நம் ஊரில் கைடு சொன்ன பிறகு மாணவர் மாற்றி வாக்களிப்பது நடக்காத காரியம். இருவரும் குழுவில் இருந்தால் கைடுக்கு இரண்டு வாக்கு என்றுதான் அர்த்தம்.

எல்லாவற்றையும் குழுவுக்குக் கொண்டுபோகவும் தேவையில்லை. எண் கணக்கீட்டுக்கான பைத்தான் லைப்ரரியான நம்பையில் சமூகத்தின் ஒருமித்த கருத்துதான் வழக்கம். அது எட்டாதபோதுதான் வழிகாட்டுக் குழு தலையிடுகிறது. பெரிய மாற்றம் என்றால் காரணத்தோடு ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். உங்கள் பக்கத்தில் இப்படி எழுதலாம்:

"பிழைத் திருத்தத்துக்கு ஒருவர் ஒப்புதல் போதும். வெளிவரும் எண்களை மாற்றும் எதற்கும் இரண்டு பேர் ஒப்புதலும் ஏழு நாள் அவகாசமும் வேண்டும். பழைய முறை அடுத்த இரண்டு ரிலீஸ் வரை எச்சரிக்கையோடு இருக்கும். ஒரு வருஷம் பங்களிக்காத குழு உறுப்பினர் முன்னாள் உறுப்பினர் பட்டியலுக்குப் போவார். விரும்பினால் திரும்பி வரலாம்."

எண்களுக்குத் தனி விதி ஏன் என்றால், உங்கள் லைப்ரரி தந்த எண்ணை வைத்து யாரோ ஏற்கெனவே கட்டுரை வெளியிட்டிருப்பார்கள். சொல்லாமல் மாற்றினால் அந்த முடிவை அவராலேயே மறுபடி எடுத்துக் காட்ட முடியாது. சண்டை போடும் இருவரிடமும் ஒரே கிணற்றின் தரவைக் கொடுத்து, நடுவில் சில மாத அளவீடுகளை வேண்டுமென்றே மறைத்து, அவரவர் முறையில் நிரப்பச் சொல்லுங்கள். மறைத்த எண்ணோடு ஒப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் எழுதட்டும். இதில் சம்பந்தப்படாத ஒருவர் முடிவு சொல்லட்டும்.

வேலைப் பிரிவினைக்கு, வானியலுக்கான பைத்தான் லைப்ரரியான ஆஸ்ட்ரோபையின் வழி நல்லது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, துணை யார் என்று வெளிப்படையான பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தை "காலி" என்றே காட்டுகிறார்கள். கோடு மட்டுமல்ல, ஆவணம், ரிலீஸ், இஷ்யூக்களைத் தரம்பிரிப்பது எல்லாம் அதில் வரட்டும். ரிலீஸ் போடுகிறவருக்கும் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, காகித வேலை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே உரிமையாளர். ஆய்வு மாணவரின் நிலை பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்து விதியைப் பொறுத்தது. திறமூல உரிமத்தில் வெளியிட ஆட்சேபணை இல்லை என்று பட்டம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். புது கம்பெனியின் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன், ஓய்வு நேரத்தில் இந்த லைப்ரரியில் தொடர்ந்து எழுதலாம் என்ற அனுமதியையும் மெயிலில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பதில் வர மாதக்கணக்கில் இழுக்கும்.