ரோல் பின் தலை நசுங்கி, பாதியில் நின்றால்

தட்டை முனையுள்ள பஞ்ச் (பின்னைத் தட்டி இறக்கும் எஃகுக் கம்பி) வேண்டாம், ஒதுக்கி வையுங்கள். ஏஆர்-15 துப்பாக்கியின் டிரிகர் கார்டில் (விசையைக் காக்கும் வளைவில்) போகும் 1/8 அங்குல ரோல் பின்னுக்கு (நீளவாக்கில் பிளவுள்ள, குழல் போன்ற எஃகு ஆணிக்கு) இரண்டு பஞ்ச் வேண்டும்: பின்னின் நுனியைக் குழிக்குள் பிடித்துக்கொள்ளும் ஸ்டார்ட்டர் பஞ்ச், அப்புறம் முனையில் சிறு குமிழ் உள்ள ரோல் பின் பஞ்ச். குமிழ் பின்னின் ஓட்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும், அடி விளிம்பில் விழும். தலை நசுங்காது, பஞ்ச் வழுக்கி ரிசீவரில் (துப்பாக்கியின் உடற்பகுதியில்) கோடும் போடாது. சுத்தியல் சின்னதாக, பித்தளையில் இருக்கட்டும்.

பாதியில் நிற்பது பெரும்பாலும் துளைகள் நேர்கோட்டில் இல்லாததால்தான். எதிர்ப்பக்கமிருந்து 1/8 அங்குல டிரில் பிட்டின் வழுவழுப்பான அடித்தண்டை விட்டுப் பாருங்கள். ரிசீவரின் காதுகளையும் (பின் போகும் துளையுள்ள இரு நீட்சிகளையும்) கார்டையும் தாண்டி வந்தால் சரி. நசுங்கிய பின்னைத் தூக்கிப்போடுங்கள். புதியதன் நுழையும் முனையை அரத்தால் லேசாகச் சரித்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஆனால் அடிப்பக்கக் காதுக்குக் கீழே மரக்கட்டை ஒட்டி நிற்காமல் தட்டவே தட்டாதீர்கள். அந்த அலுமினியம் வளைந்து கொடுக்காது, பட்டென்று முறியும். பின் விலை சில்லறை, ரிசீவர் விலை அப்படியல்ல. என்னைக் கேட்டால், பின் நுழைந்து பிடித்ததும் சுத்தியலை வைத்துவிட்டு, தாடையில் டேப் சுற்றிய பெரிய பிளையரால் மெல்ல அழுத்துவதே மேல். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.