படத்தில் இருக்கிறது, கண்ணில் படவில்லை

கேள்வி: போன மாதம் ஒரு மலைமேல் நின்று சூரியன் மறைவதைப் போனில் எடுத்தேன். இரண்டு வினாடி இடைவெளியில் மூன்று படங்கள். நடுப் படத்தில் மட்டும் இடது மேல் மூலையில் கறுப்பாக, நீளமாக, இரண்டு முனையும் கூராக, தட்டைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி ஒன்று இருக்கிறது. எடுக்கும்போது நானும் தம்பியும் வானத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம், அங்கே எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. காட்டினால் ஒருவர் பறக்கும் தட்டு என்கிறார், இன்னொருவர் நானே கணினியில் ஒட்டியது என்கிறார். பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்? அது என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் ஒட்டவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் அந்த வருத்தம்தான் அதிகமாகத் தெரிகிறது. மூன்று படங்களையும் போனில் இருந்த மூல ஃபைலாகவே அனுப்பியிருக்கிறீர்கள், அது பெரிய உதவி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் எடுத்த நேரம், ஷட்டர் வேகம் போன்ற விவரங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் அப்படியே வரும்.

உங்கள் நடுப் படத்தின் ஷட்டர் நேரம், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விட்ட நேரம், ஒரு வினாடியில் 60இல் ஒரு பங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த உருவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது கறுப்பு இல்லை, சாம்பல் நிறம், அதுவும் வெளிர் சாம்பல். அதன் பின்னால் இருக்கும் மேகத்தின் விளிம்பு அதன் வழியாகவே தெரிகிறது. எனக்கு இந்தப் படத்தில் மிக முக்கியமான தடயம் இதுதான். ஒரு திடமான பொருள் அந்த இடத்தில் நின்றிருந்தால் மேகத்தை முழுதாக மறைத்திருக்கும். பாதி கரைந்த மாதிரி இருக்கிறது என்றால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அது ஓர் இடத்தில் இல்லாமல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியிருக்கிறது, ஒவ்வொரு புள்ளியையும் அந்த நேரத்தில் சிறிது பங்குதான் மறைத்திருக்கிறது. முனைகள் கூராகத் தேய்ந்து தெரிவதும் அதனால்தான். நீங்கள் பார்ப்பது ஒரு பொருளின் வடிவத்தை அல்ல, அது போன பாதையை.

சரி, எது அப்படி ஓடியது? போனுக்கு முன்னால் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டிப் பறந்த ஒரு சிறு பூச்சி என்பது என் பதில், ஏறக்குறைய நிச்சயமாகவே சொல்கிறேன்.

பூச்சி என்றதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், அதனால் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். நம் கண்ணுக்கு முழு நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி கேமராவிலிருந்து 57 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் அதுவும் அரை டிகிரிதான். 60 மீட்டர் நீளமுள்ள பெரிய பயணிகள் விமானம் சுமார் 7 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் அதே அரை டிகிரி. படத்தில் இந்த மூன்றும் ஒரே அளவு, ஏனென்றால் ஒரு படத்துக்குள் தூரம் என்ற ஒன்று பதிவாவதே இல்லை, தூரம் தெரியாமல் பொருளின் அளவையோ வேகத்தையோ சொல்லவும் முடியாது. "பெரிதாக இருந்தது, பயங்கர வேகத்தில் போனது" என்று யாராவது ஒரே ஒரு படத்தைக் காட்டிச் சொன்னால், அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அவர் தனக்குள் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

இப்போது அந்தப் பூச்சி நிதானமாக வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வையுங்கள். 60இல் ஒரு பங்கு வினாடியில் அது 33 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், உடம்பு நீளம் 5 மில்லிமீட்டர், ஆக 38 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. பூச்சியின் அகலமும் அதே 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், அகலத்தைப் போல ஏழெட்டு மடங்கு நீளம். உங்கள் படத்தில் உள்ளதை அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அதே விகிதம். முன்பின் படங்களில் ஏன் இல்லை? அந்தத் தூரத்தில் உங்கள் கேமராவின் பார்வை ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது, பூச்சி அதை அரை வினாடிக்குள் கடந்துவிடும், உங்கள் படங்களுக்கு நடுவே இருப்பதோ இரண்டு வினாடி. நீங்கள் இருவரும் பார்க்கவில்லை என்பதிலும் ஆச்சரியம் இல்லை, தூரத்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் முகத்துக்கு முன்னால் போகும் கொசு அளவுள்ள ஒன்றைக் கவனிப்பதில்லை.

இதே உருவம் 7 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது என்று வைத்துக்கொண்டால் அந்தக் கோடு 400 மீட்டருக்கு மேல் நீளம் வரும், அது சத்தமே இல்லாமல் இரண்டு வினாடிக்குள் வந்து மறைந்திருக்கவும் வேண்டும். எது இயல்பானது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். இப்போதைய போன்கள் பல, ஒரு முறை தட்டினாலே பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கின்றன. அப்போது ஒரே பூச்சி மூன்று நான்கு தட்டுகளாக வரிசைகட்டிப் பறப்பது போலக்கூட விழும். அப்படி வந்தால் கூட்டமாக வந்தன என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தக் குழப்பம் போன் காலத்தில் வந்ததும் இல்லை. 1883 ஆகஸ்ட் 12ஆம் தேதி மெக்சிகோவில் சகாதேகாஸ் வானாய்வகத்தில் ஹோசே போனியா என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சூரியனுக்குக் குறுக்கே கறுத்த உருவங்கள் வரிசையாகப் போவதைக் கண்டார், அன்றும் மறுநாளும் சேர்த்து 447 எண்ணினார், சிலவற்றைப் படமும் எடுத்தார். 1886இல் பிரெஞ்சு இதழ் ஒன்றில் அது வெளியானபோது இதழாசிரியர் ஃப்ளாமாரியோன், தொலைநோக்கிக்கு முன்னால் பறந்த பறவைகளாகவோ பூச்சிகளாகவோ தூசியாகவோ இருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். 2011இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் சிலர் அவை உடைந்த வால்நட்சத்திரத்தின் துண்டுகளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். எனக்கு ஃப்ளாமாரியோன் சொன்னதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் போனியா தான் பார்த்ததை எண்ணி, குறித்து, படமெடுத்து வைத்தாரே, அதனால்தான் 130 ஆண்டு கழித்தும் அதைப் பற்றிப் பேச முடிந்தது. நீங்கள் மூன்று படத்தையும் அழிக்காமல் வைத்திருந்ததும் அதே மாதிரி நல்ல காரியம்தான்.

கேள்வி: சூரியனைச் சேர்த்து எடுக்கும் படங்களில் எப்போதும் ஒரு பச்சைப் புள்ளி வானத்தில் மிதக்கிறது. சூரியன் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து இடம் மாறுகிறது. நம்மைப் பின்தொடர்கிற மாதிரி இருக்கிறது.

பதில்: பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், சூரியனைப் பொறுத்துத்தான் அது இடம் மாறுகிறது. பலமான வெளிச்சம் லென்ஸின் கண்ணாடிகளுக்கு இடையில் முன்னும் பின்னும் பட்டுத் தெறித்துச் சென்சாரில் விழும் நிழற்பிம்பம் அது. சோதிப்பது சுலபம். படத்தில் சூரியனிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள், மறுபக்கம் ஏறக்குறைய அதே தூரத்தில் அந்தப் புள்ளி உட்கார்ந்திருக்கும். ஓரங்களை வெட்டாத முழுப் படத்தில் பாருங்கள், வெட்டிய படத்தில் நடுப்புள்ளி மாறிவிடும். இரவில் தெருவிளக்குகளை எடுத்தாலும் இதே கதைதான், ஐந்து விளக்கு இருந்தால் வானத்தில் ஐந்து புள்ளி, அதே வரிசையில், ஆனால் தலைகீழாக.

கேள்வி: அப்பா இறந்து இரண்டு மாதத்தில் வீட்டு மொட்டைமாடியில் இரவு ஃப்ளாஷ் போட்டு அம்மாவைப் படம் எடுத்தேன். அம்மாவின் தலைக்கு மேலே வானத்தில் வெள்ளையாக, பால் போல, வட்டமாக மூன்று நான்கு ஒளி உருண்டைகள். அம்மா அதில் ஒன்றை அப்பா என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். அந்த உருண்டைகள் லென்ஸுக்கு மிக அருகில் மிதந்த தூசியோ பனித்துளியோதான். போனில் ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் அருகில் இருக்கும் துகளில் பட்ட வெளிச்சம் நேராக லென்ஸுக்குள்ளேயே திரும்பி வருகிறது, அவ்வளவு அருகில் இருப்பது ஃபோகஸில் இருக்காது, அதனால் புள்ளியாக விழ வேண்டியது வட்டமாக விரிந்துவிடுகிறது. அதே இடத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் உருண்டைகள் வராது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பது வேறு கேள்வி. அவர் உங்களிடம் "இது என்ன?" என்று கேட்டாரா, அல்லது "இது அப்பா" என்று சொன்னாரா? கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், மறைக்கக் கூடாது. கேட்கவில்லை என்றால் நீங்களாகப் போய் விளக்கவேண்டிய அவசரம் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். யாராவது அந்தப் படத்தைக் காட்டி அவரிடம் பணம் பறிக்கப் பார்த்தால் மட்டும் அன்றே, தயங்காமல், தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: விடிவதற்கு முன் வானத்தில் முத்துமாலை மாதிரி நாற்பது ஐம்பது விளக்குகள் ஒரே கோட்டில் ஓசையின்றிப் போயின. வீடியோவும் எடுத்தேன், கண்ணாலும் பார்த்தேன்.

பதில்: கண்ணாலும் பார்த்தேன் என்பதால் லென்ஸ், பூச்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம். நீங்கள் பார்த்தது இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அனுப்பும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 போயின, அதற்குப் பிறகு தொகுதி தொகுதியாக ஏவிக்கொண்டே இருக்கிறார்கள். ஏவிய முதல் சில நாட்கள் தாழ்வாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், பிறகு மேலேறிப் பிரிந்துவிடும். நமக்கு இருட்டாக இருக்கும் அந்த நேரத்தில் அவ்வளவு உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் விடியலுக்கு முன்பும் மாலை இருட்டிய பிறகும் பளிச்சென்று தெரிகின்றன. ஹெவன்ஸ் அபவ் தளத்தில் உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் எது கடந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எதைக் கேட்டாலும் பூச்சி, தூசி, சேட்டிலைட் என்று முடித்துவிடுகிறீர்கள். விளக்க முடியாதது ஒன்றுமே இல்லையா?

பதில்: இருக்கிறது. அமெரிக்க விமானப்படை 1969 வரை நடத்திய புளூ புக் திட்டத்தில் வானத்தில் புரியாததைப் பார்த்ததாக 12,618 புகார்கள் பதிவாயின, அதில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதிவைத்தார்கள். பிரான்ஸின் விண்வெளி நிறுவனத்தில் இதற்கென்றே ஜெய்பான் என்ற பிரிவு இருக்கிறது. வரும் ஒவ்வொரு புகாரையும் ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். ஏ என்றால் விளக்கம் உறுதி, பி என்றால் அநேகமாக இதுதான், டி என்றால் நல்ல தகவல் இருந்தும் விளக்கம் இல்லை. சி என்ற வகையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், முடிவு சொல்லப் போதிய தகவல் இல்லை என்பது அதன் பொருள். எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை இந்த சி வகைதான். யாரோ யாருக்கோ அனுப்பி, வெட்டி, வட்டம் போட்டு, அம்புக்குறி வைத்து, பத்துக் கை மாறி வந்த படத்தில் நான் எதைப் பார்ப்பது? அதைப் பூச்சி என்று சொன்னாலும் தப்பு, வேற்றுக்கிரக வாகனம் என்று சொன்னாலும் தப்பு. 2023 செப்டம்பரில் வந்த நாசா குழுவின் அறிக்கையும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது, வேற்றுக்கிரகத்தோடு தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, முதலில் தரமான தரவு வேண்டும் என்று.

அந்தத் தரவை நீங்கள் எடுக்க முடியும், அதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. வானத்தில் புரியாத ஒன்று நின்று நிதானமாகத் தெரிகிறதா, பெரிதாக்கி எடுக்க அவசரப்படாதீர்கள், பெரிதாக்கினால் ஃபோகஸ் தவறிய ஒரு வெள்ளி கிரகம்கூடச் சுழலும் வட்டத் தட்டாகத் தெரியும். மரமோ கூரையோ படத்துக்குள் இருக்கும்படி வைத்து, போனை எதிலாவது சாய்த்து எடுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவரை நூறு மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் போய் நின்று அதே நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பூச்சி என்றால் இரண்டில் ஒரு படத்தில்தான் இருக்கும். 200 மீட்டர் தூரத்துப் பறவையோ ட்ரோனோ என்றால் தொலைவில் உள்ள மலையையோ நட்சத்திரத்தையோ ஒப்பிட 25 டிகிரிக்கு மேல் இடம் மாறியிருக்கும். 7 கிலோமீட்டர் தூரத்து விமானம் என்றால் ஒன்றரை நிலா அகலத்துக்கு நகர்ந்திருக்கும். செயற்கைக்கோளோ கிரகமோ என்றால் மாற்றமே தெரியாது. இரண்டு மூல ஃபைலையும், இருவரும் நின்ற இடத்தையும் எழுதி அனுப்புங்கள், அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.