கொரோனா காலத்தில் தாதிமை இல்ல, மருந்தக ஊழியர்களுக்கு எது உண்மையில் கை கொடுத்தது?

சம்பளத்தை விட்டுவிட்டால், தூக்கமும் ஆள்பலமும்தான். 2020இல் நான் சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில், அதாவது முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்தில், வேலை பார்த்தேன், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில் வருகையாளர்களை நிறுத்தியதும், அதுவரை மகள்கள் வந்து ஊட்டிய சோற்றை நாங்கள் ஊட்ட வேண்டியதாயிற்று, வீடியோ அழைப்புக்கு ஐபேடைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் எங்கள் தலையில். காது மந்தமான ஒரு பாட்டிக்கு முகக்கவசத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்றே தெரியாது, "யாரும்மா நீ?" என்று தினமும் கேட்பார். பெயரைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன், அப்புறம் கேட்கவில்லை. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மே மாதம் தாதிமை இல்ல ஊழியர்கள் பலரை ஹோட்டல்களில் தங்கவைத்தார்கள். கிருமியை உள்ளே கொண்டுவராமல் இருக்க அது சரிதான். ஆனால் மூன்று வேளையும் ஆறிப்போன பொட்டலம். தோழியின் அக்கா வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போன ஒரு போத்தல் மிளகு ரசத்தை நாலு பேர் பங்கு போட்டுக் குடித்தோம்.

மருந்தகங்களின், அதாவது டாக்டர் பார்க்கும் கிளினிக்குகளின், கதை வேறு. 2020 பிப்ரவரியில் பொதுச் சுகாதார ஆயத்தநிலை மருந்தகங்களை (தொற்று பரவும்போது கைகொடுக்கப் பதிந்துகொண்ட கிளினிக்குகளை) முடுக்கிவிட்டு, இருமல் சளி என்று வரும் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 10 வெள்ளிக் கட்டணம், 5 நாள் மருத்துவ விடுப்பு என்றார்கள். நோயாளிக்கு நல்லது, ஆனால் விதி மாறும்போதெல்லாம் திட்டு வாங்கியது கவுண்டரில் இருக்கும் பெண். அவருக்கு வேண்டியது, புதுச் சுற்றறிக்கையை நாலு வரியில் சுருக்கிக் காலையிலேயே சொல்லும் ஒருவர், கத்துகிறவரைச் சமாளிக்க வெளியே வரும் டாக்டர்.