பனிக்காட்டில் கார் சிக்கினால் காத்திருப்பதா, நடப்பதா?

"குழந்தைகளோடு பனியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கக் கூடாது என்கிறார்கள். யாருமே தேடி வராவிட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரிதான் உண்மையான கேள்வி.

2006 நவம்பர் 25 இரவு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் கிம் நெடுஞ்சாலைத் திருப்பத்தைத் தவறவிட்டு, பேர் கேம்ப் மலைச்சாலைக்குள் காரை ஓட்டினார். உடன் மனைவி, நான்கு வயது மகள், ஏழு மாதக் கைக்குழந்தை. பனி வழியை மறித்தது. பெட்ரோல் தீரும்வரை ஹீட்டர் ஓடியது. பிறகு டயர்களை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். இரு பிள்ளைகளும் தாய்ப்பாலில் பிழைத்தார்கள். ஒரு வாரம் காத்திருந்த பின், டிசம்பர் 2 அன்று கிம் உதவி தேடி நடந்தார். 4ஆம் தேதி ஹெலிகாப்டர் ஒன்று தாயையும் பிள்ளைகளையும் கண்டுபிடித்தது. 6ஆம் தேதி ஓர் ஓடைப் பள்ளத்தில் கிம்மின் உடல் கிடைத்தது; குளிர் கொன்றிருந்தது.

"இறங்கியது முட்டாள்தனம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பசித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏழு நாள் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர்கள் எந்த வழியில் போனார்கள் என்பது வெளியே எவருக்கும் தெரியாது. கைபேசிக் கோபுரம் ஒன்றில் பதிவான தடயத்தை இரண்டு பொறியாளர்கள் தோண்டியெடுத்த பிறகே தேடும் பரப்பு சுருங்கியது.

2013 டிசம்பரில் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் ஊருக்கு அருகே, இரண்டு பெரியவர்களும் நான்கு குழந்தைகளும் சென்ற ஜீப் கவிழ்ந்தது. கடுங்குளிர். கற்களைத் தீயில் சுட்டு ஜீப்புக்குள் வைத்துக்கொண்டார்கள், அங்கிருந்து நகரவில்லை. அவர்கள் திரும்பாததை வீட்டார் அன்றே கவனித்ததால் உடனே தேடல் தொடங்கியது. இரண்டு நாளில் ஆறு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

ஆக, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லியிருந்தால் தயங்காமல் காத்திருங்கள். காரை வானிலிருந்து எளிதில் பார்க்கலாம். மரங்களுக்கிடையே நடக்கும் மனிதனைப் பார்ப்பது கடினம். சொல்லாமல் கிளம்பியிருந்தாலும் முதல் சில நாட்கள் காரே பாதுகாப்பு. நடந்தே தீர வேண்டுமென்றால், வந்த சாலையிலேயே திரும்பி நடங்கள்; ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள். நனைந்த உடையில் உடல்சூடு வேகமாகப் போய்விடும்.

இன்னொன்று: இஞ்சினை ஓடவிடும் ஒவ்வொரு முறையும் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு காருக்குள் புகுந்துவிடும். அதற்கு வாசனை கிடையாது.