சூப்பர்மேனின் பார்வை ஊடுருவாத ஒரே உலோகம்

பழைய சூப்பர் ஹீரோ ஒருவரை இன்றைய காலத்துக்குப் பொருந்தும் யதார்த்தமான படமாக எடுப்பதென்றால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள், எதை மாற்றுவீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் பேட்மேனைச் சொல்வார்கள். பணமும் பயிற்சியும் தவிர வேறு சக்தி இல்லாத மனிதர் என்பதால் அவரை நம்ப வைப்பது எளிது. 2005-இல் கிறிஸ்டோபர் நோலன் அதைச் செய்தும் காட்டினார். நான் சூப்பர்மேனைத்தான் எடுப்பேன். அவரிடம் புதிதாகச் சேர்க்க வேண்டியது குறைவு, இழந்ததை மீட்டுக் கொடுக்க வேண்டியதே அதிகம்.

ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாந்தில் வளர்ந்த, குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவர்கள் உருவாக்கிய சூப்பர்மேன், 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் எந்த வேற்றுக்கிரக எதிரியோடும் மோதவில்லை. செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற பெண்ணைக் காப்பாற்ற நள்ளிரவில் ஆளுநரின் வீட்டுக் கதவை உடைக்கிறார். மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறார். செனட்டர் ஒருவரைக் கைக்குள் வைத்திருக்கும் வாஷிங்டன் தரகனைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகளின் மேல் ஓடி, அவனை நடுங்க வைக்கிறார். மூன்றாவது இதழின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியையும் அவரது விருந்தினர்களையும் அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்து, அங்கே இருக்கும் பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்யாது என்பதை அந்த முதலாளியே தன் கையால் தொட்டு உணரும்படி செய்கிறார். அந்த நாள்களில் அவருக்குப் பறக்கவும் தெரியாது, தாவ மட்டுமே தெரியும்.

பின்னர் அவருடைய சக்தி வளர்ந்துகொண்டே போக, அதற்கு ஈடுகொடுக்க எதிரிகளும் வளர்ந்தாக வேண்டியதாயிற்று. 2013-இல் வந்த படம் யதார்த்தம் வேண்டும் என்று வண்ணங்களை மங்கலாக்கி, முகத்தை இறுக்கி, இறுதியில் ஒரு நகரத்தையே இடித்துத் தள்ளியது. இடிந்து விழும் கட்டடங்கள் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், அதில் வாழ்ந்தவர்களின் முகம் தெரியாவிட்டால் அதை யதார்த்தம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அவருடைய ஊடுகதிர்ப் பார்வை எதையும் துளைத்துப் போகும், ஈயத்தைத் தவிர. காமிக்ஸில் இந்த விதியை வில்லன்கள் பெட்டிகளை ஒளித்துவைக்கவே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். எனக்கோ அது மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரை நினைவுபடுத்துகிறது. 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த அந்த நகரத்தின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காததால் பழைய குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கரைந்தது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. மக்களுக்கு அது நிறுத்தப்பட மேலும் ஓராண்டு ஆனது. பழுப்பு நிறத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் காட்டியவர்களிடம், பயப்பட ஒன்றுமில்லை என்றே சொல்லப்பட்டது.

என் படம் அப்படிப்பட்ட கற்பனை நகரம் ஒன்றில் நடக்கும். மலையைப் பெயர்க்கும் கைகளால் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கலந்த ஈயத்தை எடுத்துவிட முடியாது. அடித்து வீழ்த்த அங்கே அரக்கனும் இல்லை. கையெழுத்துகளும் கோப்புகளும் கூட்டக் குறிப்புகளும்தான் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பெயரோடு அச்சில் ஏற்றுவது, சூப்பர்மேன் தன்னை மறைத்துக்கொண்டு வாழும் செய்தியாளர் கிளார்க் கென்ட்டின் வேலை. ஆக, இத்தனை காலம் மாறுவேடமாக இருந்த அந்த மனிதரிடம் கதையின் முழுப் பாரத்தையும் ஒப்படைப்பேன். ஆள்குறைப்பில் பாதி மேசைகள் காலியாகிவிட்ட இன்றைய நாளிதழ் அலுவலகத்தில் அவரை உட்கார வைப்பேன்.

நடிகரிடம் நான் கேட்பது 1978-ஆம் ஆண்டுப் படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் செய்ததைத்தான். கிளார்க்கின் சக செய்தியாளர் லோயிஸின் வீட்டில், அவள் பக்கத்து அறையில் இருக்கும் சில நொடிகளில், அவர் கண்ணாடியைக் கழற்றி முதுகை நிமிர்த்துகிறார்; தோள்கள் விரிகின்றன, குரல் கனக்கிறது, வேறொரு ஆள் நிற்கிறார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவர், மனம் மாறி, மறுபடியும் கூனிக்கொள்கிறார். எந்த வரைகலைத் தந்திரமும் இல்லாமல் ஓர் உடல் மட்டுமே செய்த அற்புதம் அது. உடையைப் பொறுத்தவரை நீலமும் சிவப்பும் பளிச்சென்று அப்படியே இருக்கட்டும், அதை மாற்றுவதால் ஒன்றும் கூடிவிடாது.

படத்தின் முதல் காட்சி ஒரு சமையலறை. ஒரு தாய் குழாயைத் திறந்து காட்டுகிறாள். கிளார்க் குனிந்து தொட்டிக்குக் கீழே போகும் குழாயை உற்றுப் பார்க்கிறார். சுவர் தெரிகிறது, சுவருக்கு அப்பால் தெரு தெரிகிறது, குழாயின் உள்ளே மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "எப்போதிலிருந்து தண்ணீர் இப்படி வருகிறது, அம்மா?" என்று கேட்கிறார்.