வாட்ஸ்அப்பை உருவாக்கியது யார்? முதலிலிருந்தே அது மெசேஜ் அனுப்பும் செயலிதானா?

இல்லை. இந்தக் கேள்வி வந்தாலே "நிறுவனர்களுக்கு ஃபேஸ்புக் வேலை தர மறுத்தது, பிறகு அவர்களிடமே 1,900 கோடி டாலருக்கு விற்றார்கள்" என்று ஒரு ஃபார்வர்டை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். விஷயம் உண்மைதான். ஆனால் செயலி எப்படி வேலை செய்ய ஆரம்பித்தது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கோம் உக்ரைனின் கீவில் பிறந்தவர். 16 வயதில், 1992-இல், தாயோடு கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவுக்குக் குடிபெயர்ந்தார். யாகூவில் பிரையன் ஆக்டனோடு வேலை பார்த்தார். 2009 பிப்ரவரி 24 அன்று வாட்ஸ்அப் நிறுவனத்தைப் பதிவு செய்தபோது அவர் மனதில் இருந்தது ஸ்டேட்டஸ் மட்டும்தான். 'ஜிம்மில் இருக்கிறேன்', 'பேட்டரி தீரப்போகிறது' என்று காண்டாக்ட் பெயருக்குப் பக்கத்தில் தெரியும், அவ்வளவே. அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. அந்த ஜூனில் ஆப்பிள் ஐஃபோனுக்கு புஷ் நோட்டிஃபிகேஷன் கொடுத்ததும் நிலைமை மாறியது. ஒருவர் ஸ்டேட்டஸை மாற்றினால் நண்பர்கள் ஃபோனில் உடனே மணியடித்தது; ஸ்டேட்டஸிலேயே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மெசேஜ் வசதி வந்தது அதற்குப் பிறகு, 2.0 பதிப்பில். ஆக்டன் அதே ஆண்டு அக்டோபரில் பழைய யாகூ நண்பர்களிடம் 2,50,000 டாலர் திரட்டிக்கொண்டு இணை நிறுவனர் ஆனார்.

பயனர்பெயர், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் ஃபோன் நம்பரையே அடையாளமாக வைத்ததுதான் பெரிய முடிவு. சொல்ல எளிது, செய்ய நரகம். உங்கள் ஃபோனில் உள்ள ஒவ்வொரு நம்பரையும் நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால்தான் சர்வரில் பொருந்தும். அர்ஜென்டினா மொபைலுக்கு உள்ளூரில் போடும் 15-ஐ எடுத்துவிட்டு, நாட்டுக் குறியீடான 54-க்குப் பின்னால் 9 சேர்க்க வேண்டும். இப்படி நாட்டுக்கு நாடு விதிவிலக்கு. வெளிநாட்டு நண்பரின் நம்பரை + குறியும் நாட்டுக் குறியீடும் இல்லாமல் சேமித்தால் அவர் வாட்ஸ்அப்பில் தெரியாமல் போவதும் இதனால்தான்: அது உங்கள் நாட்டு எண்ணாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சர்வர் பக்கம் ஈஜாபர்டி என்ற மெசேஜ் சர்வர் மென்பொருள், அது எழுதப்பட்ட எர்லாங் நிரல்மொழி, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம்; மூன்றுமே யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை. "ஓப்பன் சோர்ஸை எடுத்துப் போட்டார்கள், இதில் என்ன சாதனை?" என்று சிலர் கிளம்புவார்கள். 2012-இல் ஒரே இயந்திரத்தில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்க வைத்தார்கள். எடுத்துப் போட்டால் மட்டும் அது நடக்காது, பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார்கள். 2014-இல் 45 கோடிப் பயனர்களை ஐம்பத்துச் சொச்சம் ஊழியர்களே சமாளித்தது அப்படித்தான்.

அந்த எர்லாங்கை 1980-களில் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எழுதியவர்கள் எரிக்சன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறியாளர்கள். நிறுவனர் கதை சொல்பவர்கள் யாரும் அவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான்.